ரீச்சர் வீட்டில் கேட்ட கீழ்க்குரல்

கரோல் பாட்டு கோயிலுக்குள் பிறக்கவில்லை என்று சித்தப்பா சொல்வார். ஐரோப்பாவில் குடியானவர்கள் கைகோத்து, வட்டமாகச் சுற்றி ஆடிய பாட்டாம் அது. கோயிலில் ஆடக்கூடாதென்று குருமார் துரத்த, தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனதாம். பிறகு மிஷன்காரரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தது. கொழும்புத்துறையில் முதல்தடவை பாடியபோது, செத்தவீடு என்று நினைத்துச் சனம் படலையைச் சாத்தியதாகவும் சொல்வார். இதையெல்லாம் எங்கே படித்தார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

எனக்கு எட்டு வயதாயிருந்த நத்தார்ப் பண்டிகைக்கு, பின்னேரம் மூன்று மணிக்கே கரோல் பாடக் கிளம்பிவிட்டோம். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். பெடியங்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. பிடிக்கிறவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறினார்கள். சித்தப்பா வயலின் வாசித்தார். மாமாதான் நத்தார் தாத்தா. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்த கடதாசி முகமூடி. மாமாவுக்குப் பாட வராது, ஆடுவார்.

பள்ளிக்கூட ரீச்சர் வீட்டுக்கு வந்தோம். அவருடைய ஒரே மகன் எங்கள் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். போன மாரியில் கடலோடு போய்விட்டார் என்று ஊரே வந்து துக்கம் விசாரித்திருந்தது. விறாந்தையில் அவர் படம், அதன் முன்னால் செவ்வரத்தம்பூ. நாங்கள் முற்றத்தில் நின்று பாடினோம். மூன்றாவது சரணத்தில், பூட்டியிருந்த அறைக்குள்ளிருந்து ஒரு கீழ்க்குரல் எங்களோடு சேர்ந்துகொண்டது. மெல்லிய குரல், ஆனால் சுருதி பிசகவில்லை. இரண்டு வரி பாடிவிட்டு, வாயைப் பொத்தியதுபோல நின்றது.

ரீச்சர் சத்தமாக, மிகச் சத்தமாகப் பாடத் தொடங்கினார். சித்தப்பாவின் வில் தந்தியில் கிறீச்சிட்டது. நான் படத்தைப் பார்த்தேன். அது வாயசைப்பது போலிருந்தது.

படலையைத் தாண்டியதும் சித்தப்பா என் தோளைப் பிடித்தார்.

"நீ ஒண்டும் கேக்கேல்லை. விளங்குதோ?"

"ஓம்," என்றேன். பேயைப் பற்றிக் கதைத்தால் அது பின்னால் வந்துவிடும் என்ற பயத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சந்தியில் துவக்கோடு நின்ற பெடியன் எங்களை மறித்தான். பதினெட்டு வயதிருக்கும். என்னிடம் குனிந்து, "என்ன தங்கச்சி, எங்கையெல்லாம் பாடினீங்கள்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"ரீச்சர் வீட்டிலை பேயும் பாடினது," என்றேன். "செத்துப்போன அண்ணையின்ரை குரல்."

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா கூடுதலாகச் சிரித்தார். பெடியன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"எந்த ரீச்சர்?"

"சின்னப்பிள்ளை, தம்பி. கண்டதையும் கதைக்கும்," என்றார் சித்தப்பா.

அவன் எங்களைப் போகவிட்டான். அடுத்த ஒழுங்கை வந்ததும் மாமா தான் உருட்டிக்கொண்டு வந்த சைக்கிளில் ஏறி, ரீச்சர் வீட்டுப் பக்கமாக மிதித்துக்கொண்டு போனார்.

இரண்டு வீடுகளில் நத்தார் தாத்தா இல்லாமலே பாடினோம். மூன்றாவது வீட்டில் வந்து சேர்ந்தார். அவர் ஆடவில்லை. கணுக்கால்வரை கிடந்த அங்கி இப்போது முழங்காலோடு நின்றது. நாங்கள் பாட்டைத் தொடங்கினோம். முகமூடிக்குள்ளிருந்து அந்தக் கீழ்க்குரல் வந்தது.

நான் பின்னால் ஒதுங்கினேன். அவர் குனிந்து என் உள்ளங்கையில் ஒரு இனிப்பை வைத்தார். கை குளிர்ந்திருந்தது. ஓட்டைகளுக்குள் இருந்த கண்கள் என்னையே பார்த்தன.

கடைசி வீடு கடலோரம். பொழுதுபடும் நேரம். உள்ளே கேக் தின்றுவிட்டு வெளியே வந்தபோது நத்தார் தாத்தாவைக் காணவில்லை. வள்ளம் ஒன்றை யாரோ கோல் ஊன்றித் தள்ளிப்போகும் சத்தம் மட்டும் கேட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் வயலினைப் பெட்டிக்குள் வைத்தார்.

அன்று மாமா வீட்டுக்கு வரவில்லை. கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். ரீச்சர் வீட்டைச் சோதிக்க ஆட்கள் வந்ததும், அறையிலிருந்து மாமா வெளியே வந்து "நான்தான் பாடினனான்" என்று சொன்னதும், அவரைப் பாடிக்காட்டச் சொன்னதும் வெகுகாலம் கழித்து நான் அறிந்தவை.

மாசி மாதம் திரும்பி வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். இடது காது கேட்கவில்லை. நான் வலது பக்கம் போய் நின்று கேட்டேன்.

"மாமா, பேய் உங்கடை உடுப்பை எடுக்கேக்கை நேரை கண்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை," என்றார். "பாவம், நல்லாய்ப் பாடும்."

அம்மா எழுந்து குசினிக்குள் போனார். ஒருவரும் என்னை ஏசவில்லை. அந்த வருடம் முழுவதும், பேயை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.