நூறாவது மிஷின்

காஜாக்கா மன்னிக்கத் தெரிந்தவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்ன வயதில் சட்டைகளுக்குப் பட்டன் துளை, அதாவது காஜா, எடுக்க வந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது கத்தரியால் தலையில் தட்டிய முதலாளியின் வீட்டுத் துணியை இன்றுவரை அவள் தொட்டதில்லை. எதிரே பட்டன் கடை வைத்திருக்கும் நான், விலை ஏறிவிட்டது என்பதைக்கூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

எங்கள் சந்து முழுக்கத் தையல் கடைகள். அவள் கடையில் இரண்டு மிஷின். ஒன்று ஓடும். இன்னொன்று அவள் புருஷனுடையது. அவர் இறந்த வருஷமே அதுவும் நின்றுவிட்டது. அதன் மேல் இஸ்திரிப் பெட்டியும் டிபன் பாக்ஸும் வைத்திருப்பாள்.

அந்த வருஷம் அரசாங்கக் கஜானாவில் பெரிய பள்ளமாம். தோண்டினவன் எவனோ, அடைக்க நாங்கள் அகப்பட்டோம். மிஷினுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். எண்ண வந்த வரி அதிகாரி அவள் கடையில் இரண்டு என்று எழுதினார்.

“சார், இது செத்துப்போய் எத்தனையோ வருஷமாச்சு. டிபன் பாக்ஸ்தான் வெக்கிறேன்.”

“ஊசி இருக்குல்லம்மா. அப்ப மிஷின்தான்.”

“சரி. ரோட்டு முனையில ரெடிமேட் கம்பெனி இருக்கே, அவங்களுக்கு எவ்வளவு?”

“அவங்களுக்குப் பத்து வருஷத்துக்கு வரி கிடையாது. ஒரே பேர்ல, ஒரே கூரைக்குக் கீழ நூறு மிஷின் வெச்சிருக்காங்க. நீங்களும் வையுங்க, உங்களையும் விட்டுடறோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்காமல் போயிருந்தால் அந்த ஆள் தப்பித்திருப்பார்.

ஓடும் மிஷினுக்கு அவள் வரி கட்டினாள். செத்ததற்குக் கட்டமாட்டேன் என்று நின்றாள். ஜப்தி செய்ய வந்தார்கள். செத்தது விலை போகாதாம், அதனால் ஓடுவதைத் தூக்கினார்கள். அவள் சோறே அந்த மிஷின்தான். அது தெருவில் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

“அண்ணே, இந்தச் சந்து எவ்வளவு அகலம் இருக்கும்?” என்று கேட்டாள்.

பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து கடை கடையாக ஏறினாள். வராதவர்களைத் திட்டி வரவழைத்தாள். எல்லாரும் ஒரே கம்பெனியாகச் சேர்வது என்று முடிவானதும், யார் பெயரை வைப்பது என்று சண்டை வந்தது. அவரவருக்கு அவரவர் பெயர்தான் வேண்டுமாம். ‘சந்து கம்பெனி’ என்று வைத்து எல்லார் வாயையும் அடைத்தாள். பிறகு இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர் வரை, சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தகரம் போட்டோம்.

வெயில் போயிற்று. பகலிலேயே விளக்குப் போடவேண்டி வந்தது. ஒருவர் நீலப் பேன்ட்டுக்குக் கறுப்புப் பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டார். எங்கள் கண் கெட்டுவிடும் என்று நான் முனகினேன்.

“கெடட்டும். அந்தாள் மூஞ்சியப் பார்க்க ஒரு கண்ணு மிச்சமிருந்தாப் போதும்,” என்றாள்.

விண்ணப்பம் போட்டதும் அதே அதிகாரிதான் எண்ண வந்தார். தகரத்தை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை. கடை கடையாக எண்ணிக்கொண்டு கடைசியில் காஜாக்கா கடைக்கு வந்தார். தொண்ணூற்றொன்பது. நிம்மதியாகப் பேனாவை மூடினார்.

“ஒண்ணு குறையுதும்மா.”

காஜாக்கா இஸ்திரிப் பெட்டியை இறக்கினாள். டிபன் பாக்ஸை இறக்கினாள். செத்த மிஷினை முந்தானையால் துடைத்தாள்.

“ஊசி இருக்கு சார்.”

சந்தே வாசலில் நின்றது. அவர் குனிந்து ஊசியைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து நூறு என்று எழுதினார்.

அந்த வருஷ வரியே ரத்து, அதனால் ஜப்தியும் ரத்து. அவளுடைய மிஷினை அவரே ஆள் வைத்துக் கொண்டுவந்தார். கூலியாள் ஒருவன்தான் கிடைத்தான் போல, மறுபக்கத்தை அவர் பிடித்திருந்தார். அவள் இங்கே வையுங்கள் என்றாள், பிறகு அங்கே என்றாள், பிறகு மறுபடி இங்கே என்றாள். நான் பட்டன் டப்பாவுக்குப் பின்னால் குனிந்து வயிறு குலுங்கச் சிரித்தேன்.

எங்களைப் பார்த்து மற்றத் தெருக்காரர்களும் தகரம் வாங்கினார்கள். கஜானாவின் பள்ளம் இன்னும் ஆழமாயிற்று. அடுத்த வருஷம் அதிகாரிகளின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தார்கள். கம்பெனிக்காரனை மட்டும் யாரும் தொடவில்லை.

அப்போதுதான் அந்த வரி அதிகாரி ஒரு சட்டையோடு வந்தார். காலர் நைந்து நார் நாராக இருந்தது.

“காலரைத் திருப்பி வெச்சுத் தைச்சுக் குடுங்கம்மா. புதுசு வாங்குற நிலைமை இல்ல,” என்றார். மற்றத் தையல்காரர்கள் யாரும் வாங்கவில்லையாம். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

காஜாக்கா சட்டையை வாங்கினாள். செத்த மிஷினில் விரித்து, காலர் மேல் ஊசியை இறக்கினாள்.

“உட்காருங்க சார், தைச்சுத் தரேன்.”

“அது ஓடாதேம்மா.”

“மிஷின்தானே சார். நீங்க ரெண்டு தடவ எண்ணினதாச்சே.”

கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். சட்டை இன்னும் அந்த ஊசிக்குக் கீழேதான் இருக்கிறது. டிபன் பாக்ஸை அதன் மேல்தான் வைக்கிறாள்.