ஷகீலா அக்கா ஊற்றிய மூலிகைத் தேநீர்

அன்று நான் விடுப்பில் இருந்தேன். மதியம் கூட வேலை செய்யும் செல்வி போன் செய்து, ஷகீலா அக்கா இறந்துவிட்டார்கள் என்றாள். கம்பெனியின் ஒட்டுப் பிரிவில், பசை உலர்த்தும் சூட்டு அடுப்பருகே மயங்கி விழுந்த அக்கா, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்கள். அந்தப் பிரிவில் மின்விசிறி ஓடாமல் கிடந்ததை எல்லோரும் அறிவோம். கம்பெனி வாசலில் ஒட்டிய அஞ்சலித் தாளோ "உடல்நலக் குறைவால்" என்றது. அந்தப் பொய்யைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில், தையல் பிரிவில், அக்கா முதலில் எனக்கு அடுத்த மிஷின். கோடையில் தகரக் கூரையின் கீழ் உடல் வெந்துவிடும். ஆனாலும் தண்ணீர் குடிக்கப் பயப்படுவோம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் டார்கெட் குறையும், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டுவார். ஒருமுறை செல்வி மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அதற்கு மறுநாள்தான் அக்கா ஒரு பெரிய ஜக்கில் மூலிகைத் தேநீரைத் தூக்கி வந்தார்கள்.

அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் புதினா, துளசி, எலுமிச்சைப்புல் எல்லாம் தொட்டிகளில் உண்டு. தோல் கழிவு கலந்த தெரு போர்வெல் தண்ணீரை ஊற்றினால் இலை கருகும் என்று மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவார்கள். "செடியே குடிக்க மாட்டேங்குது. நாம மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?" என்று ஒருநாள் கேட்டார்கள். யாரிடம் போய்ப் பதில் வாங்குவது?

எலுமிச்சைப்புல்லையும் தட்டிய இஞ்சியையும் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே புதினாவும் துளசியும் போட்டு மூடுவார்கள். சேர்ந்து கொதித்தால் புதினா கசந்துவிடுமாம். ஆறியதும் வடிகட்டி, நாட்டுச்சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒரு டம்ளர் இறங்கினால் கண்ணில் வெளிச்சம் வரும்.

வெளிப் பானத்துக்கு அனுமதி இல்லை என்று சில நாளிலேயே மேனேஜர் ஜக்கை வாசலிலேயே நிறுத்தினார். அதே மேனேஜர், ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் வருகிறார்கள் என்றதும், அக்காவைக் கூப்பிட்டு அந்தத் தேநீரைப் போட்டுவரச் சொன்னார். தொழிலாளர்களின் மூலிகைத் தோட்டம் என்று போட்டோ எடுக்கவும் ஏற்பாடு. வெட்கமாவது இருந்ததா?

அக்கா கொண்டுவந்தார்கள். விருந்தாளிகள் நின்றிருக்க, நேராக எங்கள் வரிசைக்கு வந்து ஊற்றத் தொடங்கினார்கள். மேனேஜர் பல்லைக் கடித்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"மிஷின்ல உக்காந்திருக்கறவங்க மொதல்ல குடிக்கட்டும் சார். மிச்சம் இருந்தா உங்க கெஸ்ட்டுக்குத் தர்றேன்."

மிச்சம் இருக்கவில்லை.

அடுத்த வாரமே அக்காவை ஒட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். பசை நெடியும் அடுப்புச் சூடும் தலைசுற்ற வைப்பதாக அக்கா மூன்று முறை சொன்னார்கள். பழகிவிடும் என்றது கம்பெனி. பழகுவதற்குள் கொன்றுவிட்டார்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அக்கா வீட்டிலிருந்து ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டபோது, எங்களைக் கூட்டி வந்த கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்குக் கொடுத்த அரைமணி நேர அனுமதி முடிந்துவிட்டதாம். எங்களில் ஒருத்தியும் நகரவில்லை. செல்விதான் டிரைவரிடம் போனாள்.

"இன்னிக்கு டார்கெட் வராதுண்ணா. போய் சொல்லுங்க."

வேன் காலியாகத் திரும்பியது. ஆண்கள் தோள் மாற்றிச் சுமந்த சந்தூக் பெட்டி பள்ளிவாசல் பக்கம் மறையும்வரை வெயிலிலேயே நின்றோம். அக்கா, நிம்மதியாகப் போங்கள். எங்களுக்கு அந்த நிம்மதி இப்போதைக்கு வேண்டாம்.