பவித்ரா உடம்பில் ஒட்டிய தலைகள்

இதைக் கட்டுக்கதை என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. போடியில், போன ஐப்பசி அடைமழையில் நடந்தது. நம்பாதவர்கள் ஒரு நடை வாருங்கள், பிளக்ஸ் கடை ஈஸ்வரைக் காட்டுகிறேன். அவன் முகத்தைப் பார்த்தபிறகு நீங்கள் பேச மாட்டீர்கள். அவன் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன், என் சரக்கு ஒன்றும் இதில் இல்லை.

அவன் தொலைத்தது தன் பெண்டாட்டி பவித்ராவை. செத்துப்போயிருந்தாலாவது ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பான். அதற்கும் வழியில்லாமல் போனதுதான் கொடுமை.

ஈஸ்வர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. காதுகுத்து, சடங்கு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எதற்கும் பிளக்ஸ் அடிப்பான். ஆனால் பேர் வாங்கியது கண்ணீர் அஞ்சலியில்தான். மலையில் ஏலத்தோட்டத்தில் காயெடுக்கிற பொம்பளைகள் செத்துப்போனால் வீட்டில் நல்லதாக ஒரு போட்டோ இருக்காது. ஆதார் கார்டில் திருதிருவென்று முழிக்கிற படம்தான் இருக்கும். அதை நீட்டி, "தம்பி, எங்காத்தா பட்டுச்சேல கட்டி நிக்கிற மாதிரி போட்டுக் குடுப்பா" என்று பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள்.

ஈஸ்வர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். பவித்ராவின் கல்யாணப் படத்தை எடுப்பான். அரக்குப் பட்டு, வயிற்றுக்கு முன்னால் கோத்த கை, பல் தெரியச் சிரித்த முகம். அந்தத் தலையை வெட்டி எடுத்துவிட்டு, செத்தவள் தலையை ஒட்டிவிடுவான். கழுத்தில் ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது.

இது எல்லா டிசைனரும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் யாரோ முகம் தெரியாத ஆளின் உடம்பை எடுத்துப் போடுவார்கள். இவன் கட்டினவள் உடம்பை எடுத்துப் போட்டான். பவித்ராவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னங்க, செத்தவுக எல்லாத்துக்கும் என் சேலையவே கட்டிவிடுறீக. கிழிச்சுறாமத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்று சிரிப்பாள். இப்படியே பல வருஷம். எத்தனை தலை ஒட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை லேப்டாப் மக்கர் செய்தது. பழைய லேப்டாப். உள்ளேயிருந்து டிக்... டிக்... என்று ஒரு சத்தம். அப்புறம் திரை கறுத்துப்போனது. ரிப்பேர் பார்க்கிற அருள்பாண்டி வந்து கழற்றிப் பார்த்தான்.

"டிஸ்க்கு செத்துருச்சுண்ணே."

"புதுசு போட்டா சரியாயிருமா?"

"இந்த மாடலுக்கு இப்ப எங்க கெடைக்கும்? கொஞ்ச நாளைக்கு வெளிய இருந்து ஓட்டுவோம்."

டிஸ்கைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே அந்த இடம் காலி. எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றில் சிஸ்டத்தை ஏற்றிக்கொண்டு மறுநாள் வந்தான். கேபிளைச் சொருகியதும் லேப்டாப் உயிர் பிடித்தது.

"கேபிள மட்டும் ஆட்டிராதீகண்ணே. கழண்டுச்சுன்னா அம்புட்டும் அப்படியே நின்னுரும்."

"பழைய படமெல்லாம்?"

"அத... அப்புறம் பேசுவோம்ணே, சோலி கெடக்கு" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான். ஈஸ்வர் திறந்து பார்த்தான். எல்லாப் படமும் இருந்தது. பவித்ரா படமும் இருந்தது. கெட்டிக்காரப் பயல், காப்பாற்றிவிட்டான் என்று சந்தோஷப்பட்டான்.

அன்றைக்கே ஒரு சாவு வந்தது. குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் மரம் சாய்ந்து மருதாயி என்கிற அம்மா போய்விட்டாள். மகன் ஆதார் கார்டைக் கொண்டுவந்தான். ஈஸ்வர் வழக்கம்போல பவித்ரா படத்தைத் திறந்தான்.

கோத்திருந்த கை பிரிந்திருந்தது.

வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் இப்படியும் ஒரு படம் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். வெளியே மருதாயி மகன் காத்துக்கொண்டிருந்தான். அவசரத்தில் தலையை வெட்டி, மருதாயி தலையை ஒட்டி, பிளக்ஸை அடித்துக் கொடுத்துவிட்டான்.

லேப்டாப்பை மூடும்போதுதான் கவனித்தான். டிக்... டிக்... டிரைவில் இருந்து வரவில்லை. கீபோர்டுக்கு அடியில் இருந்து வந்தது. டிஸ்கைக் கழற்றிய அந்தக் காலி இடத்தில் இருந்து.

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். பவித்ராவுக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை. தோட்டம் பக்கமே போனவள் இல்லை. சோறு போட்ட கையைப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் கருப்புக் கறை. பச்சை ஏலக்காய் வாடை வேறு குப்பென்று அடித்தது.

"கையில என்ன பவி?"

"தெரியலங்க. சோப்புப் போட்டு உரசிட்டேன், போக மாட்டேங்குது."

மறுநாள் காலையில் படத்தைத் திறந்தான். தோள் திரும்பியிருந்தது. சிரிப்பைக் காணோம். வாய் இறுக மூடியிருந்தது. டிரைவில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்த்தான்.

அன்று சாயங்காலம் பவித்ரா அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். செடியடியில் காயெடுக்கிறவர்கள் உட்காருகிற மாதிரியே. இவன் தட்டை இழுத்து வைத்துச் சொன்னாள்:

"சாப்புடு தம்பி."

ஈஸ்வர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"என்ன புள்ள, புருசனப் போயித் தம்பிங்கிற?"

அவனை உற்றுப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர் கோத்தது. "என்னங்க... எனக்கு என்னமோ ஆகுதுங்க. பயமா இருக்கு. கழுத்தச் சுத்தி எரியுது."

சேலையை விலக்கிக் காட்டினாள். நூல் பிடித்த மாதிரி கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. எந்த இடத்தில் என்று ஈஸ்வருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தலையை எடுக்க அவன் வழக்கமாக வெட்டுகிற இடம் அது. நாளைக்கே டாக்டரிடம் போவோம் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கை சொரசொரவென்று இருந்தது. அது அவள் கை இல்லை.

விடிந்து எழுந்தபோது அவள் இல்லை. டீ போட்டு மூடி வைத்திருந்தாள். முன்னமே மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிட்டாள் போல, மத்தியானம் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று இவனும் கடைக்கு வந்துவிட்டான். ஒரு முடிவோடுதான் வந்தான். அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும்.

மணி பன்னிரண்டே முக்கால். கரண்ட் போய்விட்டது. வெளியே மழை கொட்டுகிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. படத்தைத் திறந்தான்.

தலை இல்லை.

இவன் வெட்டவே இல்லை. அரக்குப் பட்டு இருக்கிறது. கை இருக்கிறது. கழுத்துக்கு மேலே வெறும் சாம்பல் நிறம்.

அழிக்கிற பட்டனை அமுக்கினான். அழியவில்லை. மறுபடி அமுக்கினான்.

கழுத்தின் மேல் ஒரு தலை வந்து உட்கார்ந்தது.

தேவாரம் ஊரில் செத்துப்போன ஒரு அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவன் ஒட்டிய தலை. அது போய் இன்னொன்று. அதுவும் இவன் ஒட்டியது. அதுவும் போய் இன்னொன்று... இன்னொன்று... ஒவ்வொன்றும் அவனைப் பார்த்தது. கடைசியில் வந்தது மருதாயி.

மருதாயி சிரித்தாள்.

ஆதார் கார்டில் அவள் சிரிக்கவில்லை.

கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான்.

டிரைவின் விளக்கு அணைந்தது. திரையில் அம்புக்குறியும் அசையாமல் நின்றது. எல்லாம் நின்றுவிட வேண்டும்...

படத்தில் இருந்த கை அசைந்தது.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. காயைக் கிள்ளுகிற மாதிரி.

டிக்.

மறுபடியும்.

டிக்...

அரக்குப் பட்டு திரும்பியது. முதுகைக் காட்டியது. நடந்தது.

படத்தை விட்டு வெளியே போய்விட்டது.

கேபிள் அவன் கையில் இருந்தது.

ஈஸ்வர் போனை எடுத்து மெடிக்கல் ஷாப்புக்கு அடித்தான். "பவித்ரா அக்கா இன்னைக்கு வரலையேண்ணே" என்றார்கள். அவள் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஓடினான், அங்கே அலமாரிக்குள் அது அடித்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பட்டை மட்டும் காணோம்.

மழையில் நனைந்தபடி ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஓடினான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற சின்ராசு அப்போதுதான் மலையில் இருந்து இறங்கியிருந்தான். மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கி வாங்கிப் பவித்ரா அவனுக்கு நல்ல பழக்கம்.

"வீட்டம்மாவா? விடியக்காலம் எங்க ஜீப்புலதாண்ணே ஏறுச்சு. பட்டுச்சேல கட்டியிருந்துச்சு. எங்க இம்புட்டு வெரசான்னு கேட்டேன். காயெடுக்கன்னுச்சு."

"எங்க எறங்குனா?"

"போடிமெட்டுல டீ குடிக்க எல்லாரும் எறங்குனோம். ஒரே பனிமூட்டம், பக்கத்து ஆள் தெரியல. திரும்ப ஏறயில ஆளக் காணோம்ணே. சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம்..."

வளைவு வளைவாகத் தேடினார்கள். பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கினார்கள். தோட்டம் தோட்டமாக விசாரித்தார்கள். ஒரு துணிக் கிழிசல் கூட அகப்படவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள்.

போலீசுக்கு ஒரு போட்டோ வேண்டும். ஈஸ்வர் அருள்பாண்டியைக் கூப்பிட்டான். "நீ காப்பாத்துன படத்துல நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுறா. என்னால அதத் தொட முடியல."

அருள்பாண்டி முழித்தான். "எந்தப் படம்ணே?"

"பழைய டிஸ்க்குல இருந்து எடுத்து ஏத்துனியே, அது."

"ஐயோ அண்ணே... அதுல இருந்து ஒண்ணுகூட எடுக்க முடியல. மூஞ்சிக்கு நேரா சொல்லச் சங்கடப்பட்டுத்தான் அன்னைக்குக் கெளம்பிட்டேன். நான் குடுத்தது வெறும் சிஸ்டம்தாண்ணே. அதுல படமே கெடையாது."

போட்டுப் பார்த்தார்கள். கிடையாது. மருதாயிக்கு அடித்த பிளக்ஸ் மட்டும் குரங்கணியில் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

சரி, ராசிங்காபுரத்தில் மாமியார் வீட்டில் கல்யாணப் படம் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறதே என்று அங்கே போனான். மாமியார் படத்தைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "எம்மகளே, எங்கத்தா இருக்க" என்று நெஞ்சில் அணைத்து அழுதாள். அழுது முடித்து அவன் கையில் கொடுத்தாள்.

ஈஸ்வர் பார்த்தான். பக்கத்தில் மாலையோடு அவன் நிற்கிறான். அரக்குப் பட்டில் நிற்பது யார்? ஐம்பது வயதுப் பொம்பளை. வெயிலில் கறுத்த முகம். அவன் வாழ்நாளில் பார்த்திராத முகம்.

"அத்தே... இது யாரு?"

மாமியார் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "என்னய்யா கேக்குற? எம்மகதான்."

போலீஸ் அந்தப் படத்தைத்தான் நோட்டீஸ் அடித்தது. ஊரே பார்த்து, ஆமாம், பவித்ராதான், பாவம் என்றது. சின்ராசு தன் ஜீப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டான். ஈஸ்வருக்கு மட்டும்தான் அது வேறு யாரோ. கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறான். சேலை ஞாபகத்துக்கு வருகிறது. கோத்த கை வருகிறது. முகம் வர மாட்டேன் என்கிறது. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் முகம் ஒட்டியவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஆனாலும் விடவில்லை. தினமும் விடிகாலையில் ஜீப்பு ஸ்டாண்டில் போய் நின்றான். வேலைக்குப் போகிற பொம்பளைகள் ஒவ்வொருவரையும் பார்த்தான். எவளாவது பவித்ராவாக இருந்துவிட மாட்டாளா என்று ஏங்கிப்போய் நின்றான்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒருநாள் சின்ராசு பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, வண்டில ஒட்டுன நோட்டீசக் கிழிச்சுரவா?"

"ஏன்டா?"

"அதான் வீட்டம்மா வந்துருச்சே! நாலஞ்சு நாளா விடியக்காலம் ஒங்க பக்கத்துலயேதான நிக்குது? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நாம ஏன் கேக்கணும்னுதான் இருந்தேன். அதுக்காக ஒரு வார்த்தை பேசாமயா இருப்பீக? நேத்து அழுதுக்கிட்டே மேட்டுப் பக்கம் நடந்து போச்சுண்ணே. பாக்கவே சகிக்கல."

ஈஸ்வர் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

நாலைந்து நாளாக அவன் பக்கத்தில் வந்து நின்றது ஒரு ஐம்பது வயதுப் பொம்பளை. கறுத்த முகம், விரலெல்லாம் கறை. தோட்டத்து ஆள் என்று இவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நோட்டீஸில் இருந்த முகம்தான் அது என்று இப்போதுதான் உறைத்தது. முந்தாநாள் அவன் தோளைத் தொட்டு, "என்னங்க, மழையில நனையாதீக, வீட்டுக்குப் போவோம்" என்றாள். யாரோ பைத்தியம் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டு, "தள்ளிப் போம்மா, எம்பொண்டாட்டியத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னான்.

அவள் நேற்றும் வந்தாளாம். இவன் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அவன் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.