ரூபியின் மூக்கும் ஏலகிரி இறக்கமும்

அன்பான சபையாரே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் கிட்னிக்காக ஜெபித்தோம், மகனின் வேலைக்காக ஜெபித்தோம் என்பார்கள். நான் ஒரு மூக்குக்காக ஜெபித்தேன். சிரிக்காதீர்கள். அந்த மூக்கால் என் மகனுடைய குடும்பம் உடைய இருந்தது.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. எங்கள் வீடு தோல் பதனிடுகிற டேனரிகளுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. தோல் ஊறுகிற காற்றைத்தான் பிறந்ததிலிருந்து சுவாசிக்கிறோம். வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தும்போதுதான், ஏதோ நாற்றம் அடிக்கிறது போலிருக்கிறது என்று எங்களுக்கு ஞாபகம் வரும். பிரியாணி வாசனை மட்டும் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் தப்பாமல் தெரியும்.

என் ஒரே மகன் டேனியலுக்குக் கணியம்பாடிப் பக்கம் பெண் எடுத்தோம். ரூபி, கரும்புத் தோட்டத்து நடுவில் வளர்ந்த பெண். குணத்துக்கு ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஜன்னலைச் சாத்துவாள், நான் திறப்பேன்.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்பாள்.

"ரெண்டு மாசம் போனா பழகிடும்மா. நாங்கல்லாம் இல்லையா?" என்பேன்.

பழகவில்லை. தலைவலியும் வாந்தியுமாக இளைத்துத் துரும்பானாள். கடைசியில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். டேனியல் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. "வான்னு கூப்பிட எனக்கு வாயே வரலம்மா. வந்தா அவ உடம்பு கெடுது" என்று என் மடியில் தலை வைத்து அழுதான். மகனையும் மருமகளையும் சேர்த்துப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஏங்கினேன்.

முழங்காலில் நின்று நான் கேட்டது ஒன்றுதான். "ஆண்டவரே, அந்தப் பொண்ணு மூக்கை மாத்தும். எங்க மூக்கு மாதிரி ஆக்கிடும்." உபவாசம் இருந்தேன். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பாகவும் கொடுத்தேன். பாஸ்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபித்தார்கள். ஆண்டவர் ஒன்றும் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐக்கியத்துப் பெண்கள் எல்லோரும் ஏலகிரி போவதென்று முடிவானது. ரூபியையும் அழைத்தேன். வந்தாள். ஆனால் வேனில் ஏறும் முன்பே, வழியனுப்ப வந்த டேனியலிடம் சொல்லிவிட்டாள்: "மலைய பாத்துட்டு நான் எங்க ஊட்டுக்குப் போறேங்க. ஆம்பூருக்குத் திரும்ப வர முடியாது. மன்னிச்சிடுங்க." அதைக் கேட்ட எனக்கு மலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்றாகிவிட்டது.

வேன் பாஷா பாயுடையது. மற்ற நாட்களில் கம்பெனிகளுக்கு ஷூ சோலும், அதை ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாக்களும் ஏற்றுகிறவர். அன்றும் பின் சீட்டுக்கு அடியில் சில டப்பாக்கள் கிடந்தன.

வாணியம்பாடியில் டீ குடித்துவிட்டு மலையேறினோம். பாஸ்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி எங்கே நின்றாலும் ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் ஆன பிறகுதான் மறுபடி ஏறலாம். கொண்டையூசி வளைவுகளில் அழகான இடமாகப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பாடினோம். கீழே ஜோலார்பேட்டை ரயில் பொம்மை ரயிலாக ஊர்ந்தது. எங்கள் பாட்டுக்குக் குரங்குகள்தான் முதல் சபை. பாஸ்டரம்மா கண்ணை மூடி ஜெபித்த நேரத்தில் ஒன்று வந்து வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர்கள் ஆமென் சொன்னபோது அது இரண்டாவது பழத்தில் இருந்தது.

மேலே ஏரியில் படகில் போனோம். பூங்காவில் நீரூற்றில் நனைந்தோம். கொண்டுபோன பிரியாணியை மரத்தடியில் பிரித்து, கத்திரிக்காய்த் தொக்கோடு சாப்பிட்டோம். ரூபி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். மலைக் காற்றை ஆசையாக இழுத்து இழுத்து விட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷம்தான், வயிற்றெரிச்சலும்தான். இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் இறங்க ஆரம்பித்தோம். ஆளுக்கொரு பலாப்பழம் வாங்கியிருந்ததால் வண்டியில் நல்ல பாரம். இரண்டு வளைவு தாண்டியதும் ரூபி மூக்கைச் சுளித்தாள்.

"அத்தை, ஏதோ நாத்தம் வருது."

"அது சொல்யூஷன் டப்பாம்மா" என்றேன். பின்னால் இருந்தவர்கள், "வந்துட்டாப்பா மூக்கு ராணி" என்று கேலி செய்தார்கள். நாள் முழுக்கச் சொல்யூஷன் வாசனையில் உட்காருகிறவர்கள் நாங்கள். எந்த நாற்றம் வந்தாலும் எங்களுக்கு அது சொல்யூஷன்தான்.

"இல்ல அத்தை, இது கருகுற நாத்தம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவரே, வீடு போய்ச் சேருகிற வரைக்குமாவது இந்த மூக்கைக் கட்டிவையும் என்று ஜெபித்தேன். ஜெபம் முடியவில்லை, ரூபி எழுந்து கத்தினாள்: "பாய், வாந்தி வருது, நிறுத்துங்க."

வாந்தி என்றால் எந்த டிரைவரும் நிறுத்திவிடுவார், கழுவப்போவது அவர்தானே. பாஷா பாய் பிரேக்கை அழுத்தினார். வண்டி உடனே நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் மலையை ஒட்டி நின்றது. ரூபி இறங்கி ஓடினாள், புதருக்கு அல்ல, பின் சக்கரத்துக்கு. அங்கே வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் இறங்கினோம். வண்டி உருளாமல் சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தோம். பாஷா பாய் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கே தெரியல அக்கா. இந்த டப்பாங்களோட இருந்து இருந்து மூக்கு செத்துப்போச்சு" என்றார். அடுத்த வளைவில் தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் வெறும் பள்ளம்.

வாணியம்பாடியிலிருந்து மெக்கானிக் வந்தார். சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிரேக் ஆயில் ஒழுகியிருக்கு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா பிரேக்கே புடிச்சிருக்காது. யாருங்க கண்டுபுடிச்சது?"

எல்லோரும் ரூபியைப் பார்த்தோம்.

"வாந்தி நிஜமா வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. நாத்தம்னு சொன்னா நம்ம ஊர்ல யாரு நிறுத்துவாங்க?"

நம்ம ஊர் என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வண்டியில் உயிரோடு இருந்தது அந்த ஒரு மூக்குதான். அதையும் கொன்றுவிடும்படி உபவாசம் இருந்து கேட்டவள் நான்.

பழுது பார்க்கும் வரை அங்கேயே பலாப்பழம் அறுத்துச் சாப்பிட்டோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, ஜோலார்பேட்டை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அன்று பார்த்ததிலேயே அதுதான் அழகான இடம். பார்க்க வேண்டிய இடம் என்று எந்தப் போர்டும் அங்கே இல்லை. வண்டி கிளம்பும்போது வழக்கப்படி ஜெபம். பாஸ்டரம்மா என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன், அதையே மூன்று தடவை சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டேனியலிடம் சொன்னேன்: "அவ மூக்கு மாற வேணாம்பா. நாமதான் வீட்ட மாத்தணும்." இப்போது மாதனூர்ப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி வாடகைக்கு இருக்கிறோம். காலையில் கம்பெனி பஸ் வந்து என்னையும் டேனியலையும் ஏற்றிக்கொள்கிறது. ரூபி வயிறாரச் சாப்பிடுகிறாள். ஜன்னலை இப்போது அவள்தான் திறக்கிறாள்.

பிரியமானவர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்திருக்கிறீர்களா? அவரை நம்பிக் கொஞ்சம் பொறுத்திருங்கள். கொடுக்காததிலும் அவர் கணக்குத் தப்புவதில்லை. போன வாரம் ரூபி அடுக்களையிலிருந்து, "அத்தை, ஏதோ நாத்தம் வருது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் முதலில் எழுந்துபோய் கேஸ் சிலிண்டரை மூடினேன். பிறகுதான், என்ன நாத்தம் என்று கேட்டேன்.