ஏழரை அடியில் ஒரு வெட்டு

அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்தி' என்று பெயர். கம்ப்யூட்டரில் எழுப்பிய வீட்டை நாலடி உயரத்தில் கிடையாக வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டு, குனிந்து பார்த்தால் தெரிவதுதான் பிளான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அதே வேலை.

வீட்டில் நாத்தனார். முதுகெலும்பில் அடிபட்டு இரண்டு வருஷமாகப் படுக்கை. வாய் மட்டும் படுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் வீடு வரையறே. எனக்கு ஒரு ரூம் வரையக் கை வரலையா?"

"வரையறேன்க்கா. என்ன வேணும்?"

"வானம். நீ எங்கேருந்து தருவே?"

பக்கத்து வீட்டு மதில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கட்டிலுக்கு அருகே தரையில் படுத்துப் பார்த்தாள். வானம் வேண்டுமென்றால் ஜன்னல் ஏழடிக்கு மேலே போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்ட வரைந்த அறையில் அங்கேயே வைத்தாள்.

சுவர் பாதிக்கு மேல் எழும்பியபோது மேஸ்திரி போன் செய்தார்.

"மேடம், பின்னாடி ரூம்ல ஜன்னலே காட்டலையே. மூடிக் கட்டிடறேன்."

"வெச்சேனே!"

"பேப்பர்ல இல்ல மேடம். போன தடவை பேப்பர்ல இல்லாததைக் கட்டி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"கை வைக்காதீங்க. மதியத்துக்குள்ள அனுப்பறேன்."

திறந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் எழுந்து நிற்கும் வீட்டில் ஜன்னல் இருந்தது. பிளானில் வழவழவென்று சுவர். அப்போதுதான் உறைத்தது. நாலடியில் வெட்டினால் ஏழடி ஜன்னல் மேல்பாதியோடு போய்விடும். மற்றவர்கள் வீட்டில் அதைத் தனியாகப் புள்ளிக்கோட்டில் காட்டுவாள். சொந்த வீடென்ற அவசரத்தில் விட்டுவிட்டாள்.

வெட்டை ஏழரைக்கு ஏற்றினாள். ஜன்னல் வந்தது. ஆனால் ஏழடி உயரக் கதவுகள் அத்தனையும் மறைந்து, வாசலே இல்லாத வீடாகிவிட்டது. கை சும்மா இருக்கவில்லை. கட்டில் மட்டத்துக்கு இறக்கினாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போயின. நாத்தனார் படுத்திருக்கும் அறையில் சுற்றிலும் சுவர், ஒரு கதவு. அக்கா இரண்டு வருஷமாக இருந்த வீடு.

மௌஸிலிருந்து கையை எடுத்தாள். ஒரு சுவரைக்கூட நகர்த்தவில்லை. ஒரு எண்ணை மாற்றியதற்கே இத்தனை வீடுகள். இவ்வளவு நாளும் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறோம் என்று நினைக்க, உடம்பு சிலிர்த்தது.

பிறகு வெட்டை நாலுக்கே கொண்டுவந்து, அந்தச் சுவரைச் சுற்றி மட்டும் ஒரு பெட்டி வரைந்தாள். பெட்டிக்குள் ஏழரை, வெளியே நாலு. கதவுகளும் இருந்தன, ஜன்னலும் இருந்தது. நிற்பவர்களுக்கும் படுத்திருப்பவளுக்கும் ஒரே தாள்.

அனுப்பினாள். "இப்பத் தெரியுது மேடம்" என்றார் மேஸ்திரி.

அறை முடிந்து கட்டிலைப் போட்ட அன்று நாத்தனார் நெடுநேரம் வாயைத் திறக்கவில்லை. இவளுக்குப் பயமாகிவிட்டது.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"சும்மா இருடி. மேகம் ஒண்ணு போயிட்டிருக்கு. முழுசாப் போகட்டும்."