கண் சோதனைக்குப் படித்தவர்

அரிசி டப்பாவுக்கு மேலே, சுவரில், ஒரு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டியிருந்தேன். மேலே பெரிதாக ஓர் இங்கிலீஷ் 'ஈ'. அடுத்த வரியில் 'எஃப், பி'. அதற்குக் கீழே 'டி, ஓ, இஸட்'. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாரும் அப்போது இல்லை. படித்தவர் என் கணவர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளில் அவருடைய டிப்போவில் வருஷத்துக்கு ஒரு தடவை கண் சோதனை நடக்கும். சுவரில் தொங்கிய அட்டையை யாரும் மாற்றியதே இல்லை. அதிலுள்ள எழுத்துகளை மூத்த டிரைவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதை ஓர் உதவியாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். கரண்டியும் கையுமாக நின்று வரிவரியாகக் கேட்பேன். தப்பாகச் சொன்னால் அடுத்த தோசை கிடையாது. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

அவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஞாபகம் வந்தால் மாத்திரை உண்டு. கண்ணில் ஒட்டடை மிதக்கிறது என்பார். மழையே இல்லாத நாளிலும் பஸ்ஸின் முன்கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டே இருப்பார். வலி இல்லை, சிவக்கவில்லை. அதனால் கண்ணில் ஒன்றுமில்லை என்று இரண்டு பேருமாக முடிவுகட்டினோம். எனக்கு உள்ளூர பயம்தான். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஒரு தை மாதக் காலையில், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்காக அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை உடுத்தி, சாலையின் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். கருங்குளத்துக்குப் பக்கத்தில் பஸ் மெல்ல இடதுபக்கம் ஒதுங்கியது. ஹாரன் இல்லை. பிரேக் இல்லை. பச்சை முதுகுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"அண்ணாச்சி, ஆளு! ஆளு!" என்று கண்டக்டர் கத்தினார்.

என் கணவர் பஸ்ஸை வலதுபக்கம் வெட்டினார். கடைசியாக நடந்த அம்மாளின் தலையிலிருந்த பை மட்டும் பஸ்ஸில் உரசிக் கீழே விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "எங்கன வே ஆளு?" என்று கண்டக்டரிடம் கேட்டார். அவர் யாரையுமே பார்த்திருக்கவில்லை.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வலது கண்ணை மூடிக்கொண்டு எதிரே இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னாள் நர்ஸ். அவர் தயங்கவே இல்லை.

"ஈ. எஃப், பி. டி, ஓ, இஸட்."

என் உதடும் கூடவே அசைந்தது. அங்கே தொங்கியது தமிழ் எழுத்து அட்டை.

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. கண்ணுக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சர்க்கரை கெடுத்துக் கசிய வைத்திருக்கிறது. இடது கண்ணில் விழித்திரையே பிய்ந்துவிட்டது. வலது கண்ணிலும் கசிவு தொடங்கிவிட்டது என்றார். "லேசர் வச்சா வலதைக் காப்பாத்தப் பாக்கலாம். போன பார்வையை அது திருப்பித் தராதும்மா. சர்க்கரையும் அடங்கணும். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா ரெண்டையுமே காப்பாத்தியிருக்கலாம்."

ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் அந்தத் தாளை ஒட்டினேன்.

லேசர் முடிந்து வெளியே வந்தவர் என் காதருகே குனிந்தார். "ஏட்டி, டிப்போவுல ஒண்ணும் சொல்லிராத. அடுத்த மாசம் சோதனை வருது. அந்தத் தாள் சுவத்துலதான இருக்கு?"

அவரை வீட்டில் விட்டுவிட்டு, தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே டிப்போவுக்குப் போனேன். மேலாளரின் மேஜையில் அதை வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அதோடு ஸ்டியரிங் போயிற்று. ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட உட்காரும்போது அந்த வலது கண்ணால் முறைப்பார். நன்றாக முறைக்கட்டும் என்று நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.