இஸ்திரி போட்ட கட்டு

சலவைக்காரருக்கு அழுக்கு என்றால் அது அடுத்தவன் துணியில் இருக்க வேண்டியது. தன் மேல் ஒரு கறை இருந்தால் மனுஷன் தெருவில் தலைகாட்ட மாட்டார்.

துணி காயப்போடும் திடலில் என்றோ ஒரு முள் பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனார். வலி இல்லை. ஆனால் பாதம் வருஷா வருஷம் வீங்கி, அங்கங்கே ஓட்டை விழுந்து சீழ் கசிந்தது. கூடவே கறுப்பாய்ப் பொடிப்பொடியாக என்னவோ வந்தது. முள்ளுத் தூள்தான் என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் புண்ணைப் பிதுக்கிக் கழுவி, இஸ்திரி போட்ட துணியால் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்.

"கட்டு கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கே" என்று நர்ஸம்மா சிரித்தாள்.

"சீழோட ஏதாவது வருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் வராதுங்க."

பரிசோதனையில் எதுவும் பிடிபடவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எலும்பை அரிக்குது. என்னன்னு தெரியாம என்ன மருந்து குடுக்கறது? அடுத்த தடவையும் தெரியலேன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்."

அன்றிலிருந்து இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தாலும் கண் மேஜைக்கு அடியில் காலிலேயே கிடந்தது. நாள் முழுக்க நின்று செய்கிற வேலை.

"கொக்கு இஸ்திரி போட்டுப் பாத்திருக்கியா?" என்றார் மனைவியிடம். அவள் சிரிக்கவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரி போகிற காலையில் அவர் புண்ணைக் கழுவ வெந்நீர் வைத்தார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"தினம் உங்க கட்டை அலசறவ நான். முள்ளுத் தூளு இத்தனை வருஷமா வரும்? டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இந்த நாத்தத்தைக் காட்டச் சொல்றியா?"

"மானம் போனா போகட்டும். கால் இருக்கட்டும்."

பழைய கட்டோடு போனார். வழியெல்லாம் யார் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தபடியே போனார். டாக்டர் கட்டைப் பிரித்ததும் குனிந்து, கறுப்புப் பொடியை இடுக்கியால் எடுத்து வைத்தார்.

"இதத்தாங்க தேடிட்டிருந்தேன். துடைச்சுட்டு வந்து என் கண்ணைக் கட்டிட்டீங்க."

பூஞ்சை என்று முடிவு வந்தது. மண்ணில் இருப்பது, முள்ளோடு உள்ளே போயிருக்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை, வருஷம் தாண்டினாலும் தாண்டும். அப்புறம் மிச்சக் கட்டியை மட்டும் அறுத்தெடுப்பது.

"கால்?"

"மாத்திரைக்குக் கேக்குதான்னு பாப்போம். இப்போதைக்கு வெட்டற பேச்சில்லை. செருப்பில்லாம நடக்காதீங்க."

இப்போது தினமும் அலசுவதற்கு முன்னால் கட்டை வெயிலில் விரித்துப் பார்க்கிறார்.

"பொடி குறைஞ்சிருக்கா?"

அவள் துணியைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கிறாள். "நேத்தை மாதிரிதான் இருக்கு. மாத்திரையப் போடுங்க."